மலை முதலில், கடல் பிறகு: செஞ்சிக்கு இருவராக வருகிறவர்களுக்கு

போன மாசியில் என் அண்ணன் மகன் போன் செய்தான். கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. "சித்தப்பா, செர்ரி பூக்குற நேரத்துல ஜப்பான் போகலாம்னு இருந்தோம். அவ்வளவு லீவு கிடைக்கல. நாலு நாள்தான் இருக்கு. நம்ம பக்கத்தையே சுத்திப் பாத்துடலாம்னு ஒரு பிளான் போட்டிருக்கோம், பாத்துச் சொல்லுங்க" என்றான். முதல் நாள் மாமல்லபுரம், புதுச்சேரி. இரண்டாம் நாள் ஆரோவில், மயிலம், செஞ்சி, ராத்திரிக்குத் திருவண்ணாமலை. மூன்றாம் நாள் கிரிவலம், சாத்தனூர் அணை. நாலாம் நாள் வேலூர், காஞ்சிபுரம், வீடு. செஞ்சிக்கு அவன் ஒதுக்கியிருந்த நேரம் பகல் 1 மணி முதல் 3 மணி வரை.

நான் செஞ்சிக்காரன். பகல் 1 மணிக்கு ராஜகிரிப் பாறை என்ன பாடு படுத்தும் என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்தப் பட்டியலில் பாதியை அடிக்கச் சொன்னேன். எதை அடிப்பது, ஏன் அடிப்பது என்று அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம். அவனைப் போல இரண்டு பேராக வர நினைக்கும் மற்றவர்களுக்கும் அது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஜப்பானில் எந்த ஊரில் எந்தத் தேதியில் செர்ரி பூக்கும் என்று வருஷா வருஷம் முன்கூட்டியே கணித்துச் சொல்கிறார்கள். டோக்கியோ முதலிலா கியோட்டோ முதலிலா என்று அதை வைத்துத்தான் பலர் முடிவு செய்கிறார்கள். அங்கே பூ எப்படியோ, செஞ்சிக்கு வெயில் அப்படி. மலையடிவாரத்தில் எத்தனை மணிக்கு நிற்கப்போகிறீர்கள் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கே தங்குவது, எதில் வருவது, எந்த ஊரை விட்டுவிடுவது என்பதெல்லாம் அதற்குப் பின்னால் தானாக வரிசைப்படும்.

இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிட்டுப் போகிற இடமும் அல்ல இது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். அவற்றை இணைக்கும் மதில் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது 11 மகாராஷ்டிரத்தில் இருந்தன. பன்னிரண்டாவது செஞ்சி. 1677-ல் சிவாஜி இதைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் வந்து தங்கிய, ஔரங்கசீப்பின் படை 1690 முதல் 1698 தொடக்கம் வரை முற்றுகையிட்ட கோட்டை இதுதான். அத்தனை வருஷம் தாக்குப்பிடித்த இடத்துக்கு ஒரு முழுக் காலையாவது கொடுக்க வேண்டும்.

எந்த மாதம்

இலக்கணத்தில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். கல்கோட்டைக்கு அந்த இரண்டு மாதமும் ஆகாது. காலை 10 மணிக்கே பாறை சுடும், இருட்டிய பிறகு கை வைத்தாலும் சூடு தெரியும். தையின் பிற்பாதியும் மாசியும்தான் எங்கள் ஊருக்கு நல்ல காலம். விடியலில் லேசாகப் பனி இருக்கும், குளங்களில் தண்ணீர் இருக்கும், சம்பா அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வந்துகொண்டிருக்கும். பங்குனியில்தான் லீவு என்றால் வாருங்கள், ஆனால் காலையில் மட்டும் ஏறுங்கள். வேம்பு பூத்துப் புங்கன் துளிர்க்கிற மாதம் அது. செர்ரி மரத்தடியில் உட்கார முடியாதவர்களுக்கு எங்கள் ஊர் வசந்தம் அதுதான், எனக்கு அதில் ஒரு குறையும் தெரிவதில்லை.

மழை முடிகிற கார்த்திகை, மார்கழியில் மலை பச்சைப் பசேலென்று இருக்கும். படம் எடுக்கிறவர்கள் அந்த நேரத்தைத்தான் விரும்புவார்கள். ஆனால் படிகள் வழுக்கும், தீபத்தை ஒட்டித் திருவண்ணாமலையில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. காணும் பொங்கல் அன்று மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கோட்டைக்கு வராதீர்கள். சுற்றுவட்டார ஊர்களெல்லாம் குடும்பத்தோடு வந்து இறங்கும்.

மாதம் முடிவானதும் நாளுக்கு வாருங்கள். தினசரி காலண்டரில் மூன்றைப் பார்க்க வேண்டும். பௌர்ணமியில் திருவண்ணாமலை நிரம்பும். அமாவாசையில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் செஞ்சி வழியாகத்தான் பெரும்பாலும் போகும், அன்று எங்கள் பேருந்து நிலையத்தில் கால் வைக்க இடம் இருக்காது. சனி, ஞாயிறில் புதுச்சேரியில் அறை வாடகை ஏறும். ஆக, அமாவாசையும் பௌர்ணமியும் தொடாத ஒரு வாரத்தில் திங்கள் முதல் வியாழன் வரை. இதைப் பார்த்து வந்தவர்களுக்கே பாதிச் செலவும் பாதி அலைச்சலும் மிச்சமாகும்.

எங்கே தங்குவது

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். புதுச்சேரியில் அறை போட்டுக்கொண்டு ஒரு நாள் செஞ்சிக்கு வந்து திரும்பலாம் என்று நினைப்பது வழக்கம். புதுச்சேரியில் எல்லா விலைக்கும் அறை உண்டு, நல்ல சாப்பாடு உண்டு, இரவு பத்து மணிக்கும் கைகோத்து நடக்கக் கடற்கரைச் சாலை உண்டு. எதையும் குறை சொல்ல முடியாது. ஆனால் செஞ்சி அங்கிருந்து 70 கிலோமீட்டர் அளவு. கோட்டை திறக்கும்போது வாசலில் நிற்க வேண்டுமானால் கார் வைத்திருப்பவர்களே ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். கடற்கரையில் நேரம் கழித்துத் தூங்கியவர்கள் யார் அப்படிக் கிளம்புகிறார்கள்? ஒன்பதுக்குச் சிற்றுண்டி, பத்துக்குப் புறப்பாடு, பதினொன்றரைக்கு மலையடி. அதற்குள் வெயில் உச்சியைத் தொட்டிருக்கும். பாதிப் படியில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கடிந்துகொள்கிற ஜோடிகளை அந்த நேரத்தில்தான் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வெயில் செய்கிற சண்டை அது, அவர்கள் செய்வதல்ல. புதுச்சேரியில் தங்கியே தீர வேண்டுமென்றால் மலை ஏறும் எண்ணத்தை விட்டு, கீழே இருப்பதை மட்டும் பார்க்க வாருங்கள்.

திருவண்ணாமலை நெருக்கம், 40 கிலோமீட்டருக்குள். ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். அண்ணாமலையார் கோயில், ரமணாசிரமம், அமைதியான தெருக்கள். அறுபது வயதைத் தாண்டிய தம்பதிக்கும், வேண்டுதல் பாக்கி வைத்திருக்கும் புதுத் தம்பதிக்கும் இதுவே பொருத்தம். ஒரே ஓர் எச்சரிக்கை. தரிசன வரிசை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆகவே சாமியை முதல் நாள் மாலையே கும்பிட்டுவிடுங்கள். மறுநாள் காலை செஞ்சிக்கு. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இரவெல்லாம் அதை நடந்துவிட்டுக் காலையில் ராஜகிரியில் ஏறுவது கால்களுக்குச் செய்யும் கொடுமை. இரண்டில் ஒன்றைத்தான் ஒரு பயணத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, செஞ்சியிலேயே ஓர் இரவு. பெரிய ஓட்டல்கள் எங்களிடம் இல்லை. இருப்பவை சாதாரண லாட்ஜுகள். தேன்நிலவுக்கு வருகிறவர்கள் முகம் சுளிக்கலாம். பணம் கட்டுமுன் குளியலறையைத் திறந்து பாருங்கள், பேருந்து நிலையத்தைப் பார்த்த அறை வேண்டாம் என்று சொல்லுங்கள், இருவரின் ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும். இவ்வளவு குறை இருந்தும் நான் செஞ்சியைத்தான் சொல்வேன். காரணம் இரண்டு. முதலாவது, காலையில் எழுந்து ஒரு காபி குடித்துவிட்டு ஆட்டோவில் ஏறினால் கோட்டை வாசல். இரண்டாவது, பெட்டி. பஸ்ஸில் வருகிறவர்களுக்குப் பெட்டியை எங்கே வைப்பது என்பதுதான் கோட்டையில் பெரிய பிரச்சினை. தோளில் பை தொங்க ராஜகிரியில் ஏற முடியாது. லாட்ஜில் வைத்துவிட்டால் கைவீசி ஏறலாம், இறங்கிவந்து குளிக்கலாம், மாற்று உடை உடுத்தி அடுத்த ஊருக்குக் கிளம்பலாம்.

ஆகவே அண்ணன் மகனுக்கு நான் சொன்ன வரிசை இது. சென்னையிலிருந்து மாலைக்குள் செஞ்சி. ஓர் இரவு. மறுநாள் காலை மலை. அன்று மாலையே புதுச்சேரி, அங்கே இரண்டு இரவு. வேலூர், காஞ்சிபுரம், சாத்தனூர் மூன்றையும் அடித்தாயிற்று. திருவண்ணாமலையை அடிக்க என் அண்ணிக்கு மனசு வரவில்லை. "சாமி எங்கயும் போயிடாது அண்ணி, தனியா ஒரு தடவ கூட்டிக்கிட்டுப் போங்க" என்று சமாதானம் சொன்னேன். மலையில் களைத்த கால்களைக் கடலில் நனைப்பது சுகம். கடலில் சோம்பிய கால்களை மலையில் ஏற்றுவது கஷ்டம். அதனால்தான் மலை முதலில்.

எந்த மலை

ஊரில் யாரும் ராஜகிரி, கிருஷ்ணகிரி என்று சொல்வதில்லை. ராஜாகோட்டை, ராணிகோட்டை. திருவண்ணாமலைச் சாலை இரண்டுக்கும் நடுவே புகுந்து போகிறது. ஒரே காலையில் இரண்டிலும் ஏறுகிறவர்கள் உண்டு. இளைஞர்கள், தனியாக வருகிறவர்கள். ஜோடியாக வருகிறவர்களுக்கு ஒன்று போதும்.

ராஜாகோட்டை உயரம், ஏறக்குறைய 800 அடி. நின்று நிதானித்து ஏற ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். ஒன்றன்பின் ஒன்றாக வாசல்கள், நடுவழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில், உச்சியை நெருங்கும்போது ஒரு பிளவு. மலையின் தலைப்பகுதி அங்கே தனியாக வெட்டுப்பட்டு நிற்கும். சின்னப் பாலம் ஒன்றைக் கடந்துதான் போக முடியும். எதிரி எவ்வளவு பெரிய படையோடு வந்தாலும் இந்த இடத்தில் ஒவ்வொருவராகத்தான் வர வேண்டும். எட்டு வருஷ முற்றுகையைப் புரிந்துகொள்ள அந்தப் பாலத்தில் ஒரு நிமிஷம் நின்றால் போதும். மேலே ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம், ஒரு பீரங்கி. காற்று அடிக்கிற அடியில் துப்பட்டாவையும் தொப்பியையும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ராணிகோட்டை சிறியது. முக்கால் மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம். ஆனால் படிகள் நேராகப் பாறையில் போகும், நிழல் குறைவு. மேலே களஞ்சியங்கள், கோயில்கள், குவிமாடம் போட்ட ஒரு கொலு மண்டபம். சுற்றிலும் வளைவுகள். அந்த மண்டபத்தில் உட்கார்ந்து எதிரே பார்த்தால் காலை வெயில் விழுந்த ராஜாகோட்டை முழுசாகத் தெரியும். ராஜாகோட்டையில் ஏறினால் அந்த மலையே நம் கண்ணுக்குத் தெரியாது, ராணிகோட்டையில் ஏறினால்தான் தெரியும். இரண்டு பேர் பேசிக்கொண்டு உட்கார இதைவிட நல்ல இடம் கோட்டையில் இல்லை. ஏறிச் சாதிக்க ஆசைப்படுகிறவர்கள் ராஜாகோட்டைக்குப் போங்கள். பார்த்துக்கொண்டு உட்கார ஆசைப்படுகிறவர்கள் ராணிகோட்டைக்கு. எனக்கு ஐம்பது தாண்டியதும் நான் ராணிகோட்டைப் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

எதுவானாலும் இருவரில் மெதுவாக நடக்கிறவரின் கால்தான் கணக்கு. வேகமாக ஏறுகிறவர் முன்னால் போய் மேலே காத்திருக்கக் கூடாது. பின்னால் வருகிறவருக்கு அந்தக் காத்திருப்பே பாரம். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. ராஜாகோட்டை அடிவாரத்திலேயே அரை நாளுக்கு விஷயம் இருக்கிறது. கல்யாண மகால் மாடி மாடியாக எழும்பி நிற்கும். மண்குழாய் வழியாக அதற்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். பக்கத்தில் நெற்களஞ்சியம், ஆனைக்குளம். வெளிக்கோட்டையில் வெங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் மசூதி.

அந்த சாதத்துல்லா கான்தான் 1714-ல் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜனைப் போரில் வென்ற ஆர்க்காட்டு நவாப். தேசிங்கின் இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்றும், அவள் நினைவாகவே ஆர்க்காட்டுக்குப் பக்கத்தில் ராணிப்பேட்டை என்ற ஊரை நவாப் ஏற்படுத்தினார் என்றும் சொல்வார்கள். தகனம் நடந்த இடம் என்று செட்டிகுளக் கரையைக் காட்டுவார்கள். சின்ன வயதில் கதைப்பாட்டில் கேட்டபோது எனக்குக் குதிரையும் வாளும்தான் பெரிதாகத் தெரிந்தன. இப்போது அந்தக் குளக்கரைக்குப் போனால் அந்தப் பெண்ணின் வயதைத்தான் நினைக்கிறேன். புதுசாகக் கல்யாணமானவர்களை அங்கே கூட்டிப்போக எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை.

கோட்டை மாலை 5 மணிக்கு மூடும் என்றாலும், மலை ஏற விடுவதை அதற்கு வெகு முன்பே நிறுத்திவிடுவார்கள். மேலே கடை கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். கையில் தின்பண்டத்தைப் பிரித்துக்கொண்டு நடக்காதீர்கள், குரங்குகள் பிடுங்கும். தேய்ந்த செருப்பு வேண்டாம். ஆள் நடமாட்டமில்லாத மதிலோரங்களில் இருவர் மட்டும் ஒதுங்க வேண்டாம். மற்றவர்கள் இறங்கும்போது நீங்களும் இறங்குங்கள்.

அரை நாள் மிச்சமிருந்தால்

செஞ்சிக்கு வடக்கே 4 கிலோமீட்டர் அளவில் சிங்கவரம். குன்றின்மேல் பல்லவர் காலக் குடைவரை, அதே பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட ரங்கநாதர். தேசிங்கு வணங்கிய சாமி. மலை ஏறிய அன்றே மாலையில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். அதே பக்கத்தில்தான் திருநாதர்குன்று. ஒரு பெரும்பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற துறவியைச் சொல்லும் பழைய கல்வெட்டு அங்கே உண்டு. கூட்டமே இருக்காது. பேச்சில்லாமல் சற்று நேரம் இருக்க விரும்புகிறவர்களுக்கு நான் அதைத்தான் காட்டுவேன்.

மாமல்லபுரத்தைப் பயணத்தில் வைத்திருப்பவர்களுக்கு வேறு யோசனை. விழுப்புரம் பக்கமாகப் போனால் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலை எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் கல்லில் எழுதிவைத்த குகை. மாமல்லபுரத்தில் பார்க்கிற கல்வேலைக்கு இங்கேதான் தொடக்கம். கூடவே பனமலையும் சேர்ந்தால் ராஜசிம்மன் கட்டிய கோயிலையும் பார்க்கலாம், சுவரில் இன்னும் மிஞ்சியிருக்கும் ஒரு தேவியின் ஓவியத்தையும் பார்க்கலாம். இதற்கெல்லாம் சொந்த வண்டி வேண்டும். சிங்கவரம், திருநாதர்குன்று, மண்டகப்பட்டும் பனமலையும் என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

எதில் வருவது

செஞ்சிக்கு ரயில் கிடையாது. திண்டிவனத்திலிருந்து எங்கள் ஊர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் பாதை போடுவது பற்றி வெகுகாலமாகப் பேச்சு இருக்கிறது. இப்போதைக்கு ரயிலில் வருகிறவர்கள் திண்டிவனத்தில் இறங்கி 28 கிலோமீட்டர் பஸ்ஸில் வர வேண்டும். தெற்கு மாவட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு விழுப்புரம் சந்திப்பு வசதி. சென்னையிலிருந்தானால் பஸ்தான் சுலபம். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறும்போது திண்டிவனம், செஞ்சி வழியாகப் போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புதுச்சேரிக்கு நேர் பஸ் தவறினாலும் கவலையில்லை, திண்டிவனம் போய் மாறிக்கொள்ளலாம். வாடகை ஸ்கூட்டரில் புதுச்சேரியிலிருந்து வந்து போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். மலை இறங்கிய களைப்போடு இருட்டில் லாரிகளுக்கு நடுவே 70 கிலோமீட்டர் ஓட்டுவது ஆபத்து.

அண்ணன் மகனும் மருமகளும் ஒரு திங்கட்கிழமை மாலை வந்து இறங்கினார்கள். லாட்ஜ் வேண்டாம், நம் வீட்டிலேயே தங்குங்கள் என்று என் மனைவி சொன்னாள். மருமகள் சிரித்துக்கொண்டே மறுத்தாள், அவள் சொன்னதே சரி. மறுநாள் ராணிகோட்டை, இறங்கியதும் வெங்கடரமணர் கோயில். மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. மாலை பஸ் ஏற்றிவிடும்போது வெங்கடரமணர் கோயில் தூண்களைப் பற்றிச் சொல்லி அனுப்பினேன். 1750 முதல் 1761 வரை செஞ்சி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. இங்கிருந்து தூண்களைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள், கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதான் என்பார்கள்.

இரவு ஒன்பதரைக்கு மருமகள் போன் செய்தாள். பின்னால் அலைச் சத்தம் கேட்டது.

"மாமா, தூணுங்களப் பாத்துட்டோம். இன்னிக்கு மத்தியானம் அந்தக் கோயில்ல காலியா இருந்த இடமெல்லாம் ஞாபகம் வருது. நாளைக்கு வெளிச்சத்துல வந்து ஒவ்வொண்ணாப் பாக்கப் போறோம். ஆரோவில்ல சாயந்திரத்துக்கு மாத்திக்கிட்டோம்" என்றாள்.